மூன்று ‘எஸ்’ எடுத்தால் கெம்பஸ் கிடைக்குமா?

கேள்வி:

நான் தில்லையடியிலிருந்து எழுதுகிறேன். பட்டப்படிப்பு முடிந்து, அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சைகளுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறேன். ஐக்கியூ பேப்பரில் எண் தொடர், உருவத் தொடர், திசை, இரத்த உறவு எல்லாம் எனக்கு இலேசு. ஒரு விதியைத் தந்து ‘இதிலிருந்து உறுதியாகப் பெறப்படுவது எது?’ என்று கேட்கிற வினாக்களில்தான் வழுக்கி விழுகிறேன். அவசிய நிபந்தனை, போதிய நிபந்தனை என்று புத்தகத்தில் இருக்கிற வரைவிலக்கணம் மனப்பாடம். ஆனால் பேப்பரில் எது எதுவென்று பிடிபடுவதில்லை. பயிற்சிக்குச் செய்த ஒரு வினா இது:

விதி: நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றியவர்கள் மாத்திரமே பயிற்சிக்கு அனுமதிக்கப்படுவர்.
(1) நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றிய எல்லோரும் அனுமதிக்கப்படுவர்.
(2) அனுமதிக்கப்படாத எவரும் நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றவில்லை.
(3) அனுமதிக்கப்பட்ட எல்லோரும் நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றியவர்கள்.
(4) நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றாத சிலர் அனுமதிக்கப்படுவர்.

நான் (1) என்று போட்டேன். பிழை என்கிறார்கள். ஏன் பிழை என்பதையும், இதுபோன்றவற்றை வேகமாகச் செய்ய வழி உண்டா என்பதையும் சொல்வீர்களா? ‘எடுகோள் எது’, ‘தரவு போதுமா’ என்று வருகிற வினாக்களையும் சேர்த்து விளக்கினால் உதவி.

பதில்:

மகள், விடை (3). ஆனால் அதற்கு முன் (1)ஐயும் (2)ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னொரு தடவை வாசியுங்கள். தோற்றிய எல்லோருக்கும் அனுமதி உண்டென்றால், அனுமதி கிடைக்காத ஒருவர் தோற்றியிருக்க முடியாது. தோற்றியிருந்தால் கிடைத்திருக்குமே! ஆக இரண்டும் ஒரே கூற்று, சட்டையை மாற்றிக்கொண்டு இரண்டு தடவை வந்திருக்கிறது. ஒரு விடைதான் சரி என்கிற பேப்பரில் இரண்டு விடைகள் ஒரே பொருளைச் சொன்னால் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடலாம். (4) விதிக்கு நேர் எதிர். மிஞ்சுவது (3). விதியைப் புரிந்துகொள்ளாமலே சரியான விடைக்கு வந்துவிட்டோம். வினா தயாரித்தவருக்கு இது தெரிந்தால் மனம் நோகும். ஆனால் புள்ளி உங்களுக்குத்தான்.

நீங்கள் (1)ஐப் போட்டதற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல, நாம் பேசிப் பழகிய விதம். “வீட்டைக் கூட்டி முடித்தால் கடைக்குக் கூட்டிப் போவேன்” என்று உம்மா சொன்னால் பிள்ளையின் காதில் இரண்டு வாக்கியங்கள் விழுகின்றன: சொன்ன வாக்கியம் ஒன்று, ‘கூட்டாவிட்டால் கடை இல்லை’ என்கிற சொல்லாத வாக்கியம் இன்னொன்று. உம்மா நினைத்ததும் அதைத்தான். மைக்கல் கைஸ், ஆர்னல்ட் ஸ்விக்கி என்ற இரண்டு அமெரிக்க மொழியியலாளர்கள் 1971இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ‘புல்லை வெட்டினால் ஐந்து டொலர் தருவேன்’ என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம். வெட்டாவிட்டால் காசில்லை என்று கேட்பவர் தானாகவே சேர்த்துக்கொள்கிறார். அது பேச்சோடு ஒட்டி வருகிற ஊகம், வாக்கியத்தின் பொருளுக்குள் இருப்பது அல்ல என்பது அவர்களுடைய வாதம். வீட்டில் அந்த ஊகம் இல்லாமல் வாழ முடியாது. பரீட்சை மண்டபத்தில் அதையே கூடக் கொண்டுபோனால் புள்ளி போகும். அங்கே எழுதியிருப்பது மாத்திரமே சட்டம்.

வரைவிலக்கணத்தை மனப்பாடம் செய்ததோடு விட்டுவிடாமல், ஒவ்வொரு தடவையும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது: இது இல்லாமல் அது நடந்துவிட முடியுமா? முடியாது என்றால் இது அவசியம். இரண்டாவது: இது இருந்தும் அது நடக்காமல் போகலாமா? போகவே முடியாது என்றால் இது போதும். இரண்டு கேள்வியிலும் நீங்கள் தேடுவது ஒரே ஒரு எதிருதாரணத்தை. கிடைத்தால் அந்தப் பக்கம் உடைந்தது. உங்கள் வினாவில், நேர்முகத்துக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வருகிற ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். விதி அவரைத் தடுக்கிறதா? இல்லை. அந்த ஒரு ஆளே (1)ஐ உடைத்துவிடுகிறார்.

இனி உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் நடந்திருக்கக்கூடிய ஒன்றுக்கு வருகிறேன். உயர்தரப் பெறுபேறு வெளியாகிறது. பிள்ளைக்கு மூன்று பாடத்திலும் ‘எஸ்’ என்ற சாதாரண சித்தி. பொது வினாத்தாளில் 30 புள்ளிக்கு மேல். ‘பல்கலைக்கழகத்துக்குத் தகைமை பெற்றுவிட்டார்’ என்று சொல்கிறார்கள். வாப்பா தொதல் வாங்கிப் பங்கிடுகிறார், மாமிமார் ‘எந்தக் கெம்பஸ்?’ என்று கேட்கத் தொடங்குகிறார்கள். மாதங்கள் கழித்து, அனுமதிக்கு வேண்டிய ஆகக் குறைந்த இசட் புள்ளியான வெட்டுப்புள்ளி வருகிறது. பிள்ளையின் இசட் புள்ளி அதற்குக் கீழே. வீட்டில் எல்லோரும் யாரோ ஏமாற்றிவிட்டதாக உணர்கிறார்கள்.

யாரும் ஏமாற்றவில்லை. ஒரே அமர்வில் மூன்று பாடத்தில் குறைந்தது எஸ், பொது வினாத்தாளில் குறைந்தது 30 ஆகியவை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வைத்திருக்கிற ஆகக் குறைந்த தேவைகள். இவை விண்ணப்பிக்கப் போதும். அனுமதி கிடைக்க இவை அவசியம், ஆனால் போதாது. அண்மைய ஆண்டுகளில் தகைமை பெறுவோர் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் எடுப்பதோ நாற்பதாயிரத்துச் சொச்சம் பேரை. இடையில் நிற்கிற அந்தப் பெருங்கூட்டம்தான் ‘அவசியம், ஆனால் போதாது’ என்பதன் உயிருள்ள உதாரணம்.

புத்தகங்கள் இந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடுகின்றன. நாம் கொஞ்சம் நின்று பார்ப்போம். அதே மூன்று எஸ், ஒரு காரியத்துக்குப் போதுமானது, இன்னொரு காரியத்துக்கு அவசியமானது மாத்திரம். அதாவது ‘இது போதிய நிபந்தனையா?’ என்பது முழுமையான கேள்வியே அல்ல. ‘எதற்கு?’ என்று சேர்த்துக் கேட்க வேண்டும். வினா தயாரிப்பவர்கள் இங்கேதான் கை வைப்பார்கள். விதியில் ‘விண்ணப்பிக்கலாம்’ என்றிருக்கும், விடையில் ‘அனுமதிக்கப்படுவார்’ என்றிருக்கும். ஒரு சொல்தான் மாறியிருக்கும். வேகமாக வாசிக்கிற கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

அடுத்தது, எந்த வட்டத்துக்குள் என்பது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் தரவரிசைப்படியும், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டின்படியும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று வகுத்த மாவட்டங்களுக்கும் போகின்றன. அப்படி வகுத்த பதினாறு மாவட்டங்களில் புத்தளமும் ஒன்று. அதனால் புத்தளத்துப் பிள்ளைக்கு மருத்துவ பீடத்துக்குப் போதுமாக இருக்கிற இசட் புள்ளி, கொழும்புப் பிள்ளைக்குப் போதாமல் போகலாம். புள்ளி அதேதான். வெளிநாட்டுப் பரீட்சைத் தகைமையோடு வருகிறவர்களுக்குத் தனி வாசல் வேறு இருக்கிறது. அந்த வாசலையும் கணக்கில் எடுத்தால் உள்ளூர் உயர்தரத்து மூன்று எஸ்கூட எல்லோருக்கும் அவசியம் என்று சொல்ல முடியாது. ஆகவே விதியில் ‘சாதாரண அனுமதிக்கு’, ‘இம்மாவட்டத்தில்’, ‘இவ்வருடத்தில்’ என்று ஏதாவது வட்டம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். விடை அந்த வட்டத்தைத் தாண்டினால் அது ‘உறுதியாகப் பெறப்படுவது’ அல்ல.

இரண்டு கேள்விக்கும் ‘ஆம்’ என்று வருகிற, அதாவது அவசியமும் அல்லாத, போதுமானதும் அல்லாத சங்கதிகளும் உண்டு, அவை பேப்பரில் இன்னும் அதிகமாகக் குழப்பும். தேர்தலை எடுங்கள். “அடையாள அட்டை இருந்தால் வாக்களிக்கலாம்தானே?” என்று கேட்காத ஊர் இல்லை. தேசிய அடையாள அட்டை போதுமா? போதாது. வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்க வேண்டும். சரி, அவசியமாவது உண்டா? அதுவும் இல்லை. செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை என்று வேறு ஆவணங்களும் ஏற்கப்படுகின்றன. பையில் எல்லோரும் வைத்திருக்கிற அட்டை, அவசியமும் அல்ல, போதுமானதும் அல்ல. ஏற்கப்பட்ட ஏதாவது ஒரு ஆவணம் இருக்க வேண்டும் என்பதுதான் அவசியம்.

வசிப்பிடமும் அப்படித்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெருந்தொகையானவை புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்தன. தில்லையடியில் அந்தக் குடியிருப்புகள் எத்தனை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் வருடக்கணக்காக இங்கே இருந்துகொண்டே மன்னார் இடாப்பில் பெயரை வைத்திருந்தார்கள். புத்தளத்திலேயே அவர்களுக்கென்று கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் போட்ட தேர்தல்களும் உண்டு, 2019 ஜனாதிபதித் தேர்தலைப்போல பஸ்ஸேறி மன்னாருக்குப் போக வேண்டியிருந்த நாளும் உண்டு. புத்தளத்தில் வசிப்பது புத்தளம் மாவட்டத்து வாக்குக்குப் போதுமாக இருக்கவில்லை. மன்னாரில் வசிப்பது மன்னார் வாக்குக்கு அவசியமாகவும் இருக்கவில்லை. எந்த மாவட்டத்துக்கு வாக்கு என்பதைத் தீர்மானித்தது இடாப்பில் இருந்த பெயர்.

மத்ரஸாவில் ஓதிய உங்கள் நானா யாராவது இருந்தால் ஒரு நிமிடம் பேசிப்பாருங்கள். இந்த விசயம் அவருக்குப் புதிதல்ல. சட்டவியலின் அடிப்படைகளைப் படிப்பிக்கும்போது ‘ஷர்த்து’க்குச் சொல்கிற வரைவிலக்கணம் ஏறக்குறைய இப்படி: அது இல்லாவிட்டால் இது இல்லை. அது இருப்பதனால் இது உண்டு என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது. அவசிய நிபந்தனைக்கு இதைவிடச் சுத்தமான வரைவிலக்கணத்தை எந்த ஐக்கியூ புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. தொழுகைக்கு உளூ ஷர்த்து. உளூச் செய்துவிட்டுத் தொழாமல் சந்தைக்குப் போகிறவரை அந்த வரைவிலக்கணம் தடுக்காது. ‘தண்ணீர் கிடைக்காதவர் தயம்மும் செய்கிறாரே, அப்படியானால் உளூ அவசியம் இல்லையா?’ என்று நீங்கள் கேட்டால், சரியான இடத்தில் கை வைக்கிறீர்கள் என்று அர்த்தம். உண்மையில் ஷர்த்தாக இருப்பது தூய்மை. உளூ அதற்கு ஒரு வழி, தயம்மும் இன்னொரு வழி. அடையாள அட்டைக் கதையும் இதுவும் ஒரே அச்சு.

இனிச் சொற்களுக்கு வருவோம். ஆங்கில வழியில் இதைப் படிப்பிக்கிறவர்கள் சின்னச் சின்ன இணைப்புச் சொற்களை வைத்து அட்டவணை போடுவார்கள். தமிழில் வேலை பெரும்பாலும் ஒட்டுகளில் நடக்கிறது. ‘படித்தால் சித்தியடைவாய்’ என்றால் படிப்புப் போதும் என்று சொல்கிறார். ‘படித்தால்தான் சித்தியடைவாய்’ என்றால் படிப்பு அவசியம், சித்திக்கு உத்தரவாதம் இல்லை. ‘படித்தாலே சித்திதான்’ என்றால் வேறொன்றும் வேண்டாம், போதும். ‘படிக்காவிட்டாலும் சித்தியடைவாய்’ அவசியத்தை உடைக்கிறது. ‘படித்தாலும் சித்தியடைய மாட்டாய்’ போதுமை என்ற பக்கத்தை உடைக்கிறது. ஐந்து வாக்கியத்துக்கும் வினைச்சொல் ஒன்றேதான். வாலில் இருக்கிற இரண்டு எழுத்தைத் தாண்டி வாசித்தால் விடை தலைகீழாகிவிடும்.

‘தான்’ எங்கே ஒட்டுகிறது என்பது இன்னும் முக்கியம். ‘படித்தவர்கள்தான் சித்தியடைவார்கள்’ என்பது ஒன்று. ‘படித்தவர்கள் சித்தியடையத்தான் செய்வார்கள்’ என்பது வேறொன்று. முதலாவதில் படிப்பு அவசியம், இரண்டாவதில் படிப்புப் போதும். பேப்பர்த் தமிழில் ‘தான்’ இருந்த இடத்தில் ‘மாத்திரம்’ வரும், ‘மட்டும்’ வரும். அது எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறதோ அந்தச் சொல்தான் அவசியம். உங்கள் விதியில் ‘தோற்றியவர்கள் மாத்திரமே’ என்றிருந்ததா? அப்படியானால் தோற்றுவது அவசியம். அதற்கு மேல் அந்த விதி ஒன்றும் தரவில்லை. ‘தோற்றினால் ஒழிய அனுமதி இல்லை’, ‘தோற்றாமல் அனுமதி இல்லை’, ‘அனுமதிக்குத் தோற்றியிருத்தல் வேண்டும்’ என்று எப்படித் திருப்பி எழுதினாலும் சரக்கு அதேதான். ‘ஆயின், ஆயின் மாத்திரம்’ என்று இரண்டு தடவை வந்தால்தான் அவசியமும் போதுமையும் ஒன்றாகக் கிடைக்கும். அந்த இரண்டாவது ‘ஆயின்’ அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றை விட்டுவிட்டு வாசிக்கிற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

ஆனாலும் சொற்பட்டியலை மாத்திரம் நம்பிப் போகாதீர்கள். மொழிபெயர்த்துத் தருகிற பேப்பர்களில் ‘மாத்திரம்’ இடம் மாறி உட்கார்ந்திருப்பதும் நடக்கும். சந்தேகம் வந்தால் அந்த இரண்டு கேள்விக்கே திரும்புங்கள்.

விதியைத் திருப்பிப் போடுவது என்று ஒரு வித்தை இருக்கிறது. புத்தளத்துக்காரருக்கு அதை உப்பளத்தை வைத்துச் சொன்னால் மறக்காது. ‘மழை பெய்தால் உப்பு விளையாது.’ இதிலிருந்து பெறப்படுவது எது? ‘மழை பெய்யாவிட்டால் உப்பு விளையும்’ என்று பலர் போடுவார்கள். உப்பளத்தில் ஒரு நாள் வேலை செய்தவர் அதைப் போடமாட்டார். கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புத்தான் இருக்கிறது. நீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றி மாற்றிக் காயவிட்டு, பத்தில் ஒரு பங்குக்கு வற்றவைத்த பிறகே உப்புக் கட்டத் தொடங்கும். அந்த நேரத்தில் செறிவு போமே மானியில் 25 பாகையளவில் நிற்கும். அதற்கு வெயிலும் வேண்டும், காற்றும் வேண்டும், நீரைச் சரியான நேரத்தில் திறந்துவிடுகிற ஆளும் வேண்டும். அதையும் தாண்டி முப்பது பாகைப் பக்கம் போகவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். மழை இல்லாமை இத்தனையில் ஒன்று மாத்திரம். ஆகவே ‘பெய்யாவிட்டால் விளையும்’ பெறப்படாது. பெறப்படுவது இதுதான்: ‘உப்பு விளைந்திருந்தால் மழை பெய்யவில்லை.’ விதியின் இரண்டு பக்கத்தையும் மறுத்து, இடத்தையும் மாற்றினால் பொருள் கெடாது. மறுக்காமல் இடத்தை மாத்திரம் மாற்றினாலும் பிழை, இடத்தை மாற்றாமல் மறுத்தாலும் பிழை. உங்கள் பயிற்சி வினாவின் (1)உம் (2)உம் இந்த முறையில்தான் இரட்டைப் பிள்ளைகள்.

இதெல்லாம் உங்களுக்கு மாத்திரம் வருகிற சிக்கல் என்று நினைக்க வேண்டாம். 1966இல் பீற்றர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் நான்கு அட்டைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். தமிழுக்கு மாற்றிச் சொல்கிறேன். மேசையில் அ, க, 4, 7 என்று நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். விதி: ஒரு பக்கத்தில் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கத்தில் இரட்டை எண் இருக்கும். விதி மெய்யா பொய்யா என்று அறிய எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒரு விடையை மனதில் வையுங்கள்.

பெரும்பாலோர் ‘அ’வையும் ‘4’ஐயும் திருப்பச் சொன்னார்கள், அல்லது ‘அ’வை மாத்திரம். சரியான விடை அ, 7. ‘4’ஐத் திருப்பினால் பின்னால் மெய்யெழுத்து வந்தாலும் விதி உடையாது. இரட்டை எண்ணுக்கு உயிரெழுத்து அவசியம் என்று யார் சொன்னார்கள்? ‘7’க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால்தான் விதி உடையும். இந்தச் சோதனையில் சரியாகச் சொல்கிறவர்கள் வழக்கமாகப் பத்துக்கு ஒருவர்கூடத் தேறுவதில்லை. படித்தவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் உட்படத்தான் இந்தக் கணக்கு.

சுவையான பகுதி பதினாறு வருடம் கழித்து வந்தது. 1982இல் கிரிக்ஸ், கொக்ஸ் என்ற இருவர் புளோரிடாவில் அதே புதிரை மதுவருந்தும் வயதுச் சட்டமாக மாற்றிக் கொடுத்தார்கள். முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னார்கள். நமக்கு மது உதாரணம் வேண்டாம், ட்ராபிக் பொலிஸ் போதும். விதி: மோட்டார் சைக்கிள் ஓட்டினால் லைசன்ஸ் இருக்க வேண்டும். நான்கு பேர். ஒருவர் ஓட்டுகிறார் என்று தெரியும், லைசன்ஸ் உண்டா தெரியாது. ஒருவர் நடந்து போகிறார். ஒருவர் லைசன்ஸ் உள்ளவர், என்ன செய்கிறார் தெரியாது. ஒருவர் லைசன்ஸ் இல்லாதவர், என்ன செய்கிறார் தெரியாது. பொலிஸ் யாரை விசாரிக்கும்? ஓட்டுகிறவரையும் லைசன்ஸ் இல்லாதவரையும். ‘உன்னிடம் லைசன்ஸ் இருக்கிறதே, ஏன் மோட்டார் சைக்கிள் ஓட்டவில்லை?’ என்று எந்தப் பொலிஸ்காரரும் கேட்டதில்லை. ‘4’ஐத் திருப்பச் சொன்னவர்கள் செய்தது சரியாக அதைத்தான்.

இந்த வேறுபாடு ஏன் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் இழுபறி. பழக்கம் என்கிறார்கள் சிலர், விதியை மீறுகிறவரைப் பிடிக்கிற புத்தி மனிதனுக்கு இயல்பாகவே உண்டு என்கிறார்கள் வேறு சிலர். யார் சொல்வது சரியாக இருந்தாலும் உங்களுக்குக் கிடைக்கிற இலாபம் ஒன்றுதான். பேப்பரில் ‘எல்லாப் ப-வும் ம’ என்று வறட்சியாக ஒரு விதி வந்தால், உடனே அதை ஒரு வாசலாக்கி, மீறுகிறவர் யார் என்று தேடுங்கள். ப இருந்தும் ம இல்லாதவர்தான் மீறுகிறவர். அவரை விட்டால் வேறு யாரையும் அந்த விதி தொடாது.

‘எடுகோள் எது’ என்ற வினாவுக்கு வருகிறேன். இங்கே ஒரு வாதம் தருவார்கள், அதில் ஒரு துண்டு சொல்லாமல் விடப்பட்டிருக்கும். வாதம் நிற்பதற்கு எந்தத் துண்டு அவசியம் என்று கேட்கிறார்களா, எந்தத் துண்டைப் போட்டால் முடிவு உறுதியாகும் என்று கேட்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. நம்முடைய பழைய தருக்க மரபில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு உண்டு. இது நிற்கும். நெருப்புத் தெரிகிறது, ஆகவே புகை உண்டு. இது நிற்காது. நியாய நூலோர் இதை உடைக்க எடுத்துக்காட்டியது பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டை. அதில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. ஒரே ஒரு எதிருதாரணம், வேலை முடிந்தது. பிறகு விடுபட்ட துண்டையும் அவர்களே கண்டுபிடித்தார்கள்: ஈர விறகு. நெருப்போடு ஈர விறகும் சேர்ந்தால்தான் புகை. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்த அளவை முறை விரிவாக வருகிறது. புகையும் நெருப்பும் அங்கேயும் உண்டு.

பேப்பரில் இதை எப்படிச் செய்வது? அவசியமான எடுகோளைக் கேட்டால், ஒவ்வொரு விடையையும் மறுத்துப் பாருங்கள். வாதம்: ‘புதிய பஸ் சேவை தொடங்கிவிட்டது. ஆகவே இனி பிள்ளைகள் நேரத்துக்குப் பாடசாலைக்கு வருவார்கள்.’ ஒரு விடை: ‘பஸ் பாடசாலை தொடங்கும் நேரத்துக்கு முன் வந்துசேரும்.’ மறுத்துப் பாருங்கள்: பஸ் மணியடித்த பிறகுதான் வருகிறது. வாதம் சரிந்து விழுகிறது, ஆகவே இந்தத் துண்டு அவசியம். இன்னொரு விடை: ‘எல்லாப் பிள்ளைகளும் பஸ்ஸில்தான் வருகிறார்கள்.’ மறுத்தால் சிலர் சைக்கிளில் வருகிறார்கள், அவ்வளவுதான். வாதத்துக்கு உயிர் போகவில்லை. இந்த இரண்டாவது விடை பலமாகத் தெரியும், ‘எல்லா’ என்ற சொல் கண்ணை இழுக்கும். அவசியமான எடுகோளைக் கேட்கிற வினாவில் ‘எல்லா’, ‘ஒருபோதும்’, ‘ஒரே காரணம்’ என்று பெருங்குரலில் பேசுகிற விடைகளை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். முடிவை உறுதியாக்குகிற எடுகோளைக் கேட்டால் கதை வேறு, அங்கே பெருங்குரல் விடைதான் பெரும்பாலும் வெல்லும்.

கடைசியாக ‘தரவு போதுமா’ என்கிற வகை. இதில் பிள்ளைகள் கணக்கைச் செய்து முடிக்கப் பார்க்கிறார்கள். கேட்பது விடை அல்ல, விடைக்குப் போகிற வழி மூடியா திறந்தா என்பது மாத்திரம். ‘புத்தளத்திலிருந்து புறப்பட்ட பஸ் கொழும்பை எத்தனை மணிக்கு அடைந்தது? (1) பஸ் காலை 5.00 மணிக்குப் புறப்பட்டது. (2) பயணம் மூன்றரை மணித்தியாலம் எடுத்தது.’ தனித்தனியே எதுவும் போதாது, இரண்டும் சேர்ந்தால் போதும். எட்டரை என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, ‘இரண்டும் சேர்ந்து போதும்’ என்ற விடையைத் தெரிவுசெய்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

குழப்புவது அடுத்த மாதிரி: ‘ந என்ற எண் யாது? (1) ந-வின் இருமடங்கு 14. (2) ந ஆனது 6க்கும் 10க்கும் இடைப்பட்ட பகா எண்.’ முதலாவது தனியே 7ஐத் தருகிறது. இரண்டாவதைப் பாருங்கள்: 7, 8, 9இல் பகா எண் 7 மாத்திரம், ஆகவே அதுவும் தனியே தருகிறது. இரண்டும் தனித்தனியே போதும். அதனாலேயே இரண்டில் எதுவும் அவசியம் இல்லை, ஒன்றைக் கிழித்துப் போட்டாலும் மற்றது காப்பாற்றும். ‘இரண்டும் சேர்ந்து போதும்’ என்ற விடையும் உண்மைபோலத்தான் தெரியும். ஆனால் வினாத்தாளின் அறிவுறுத்தலை வாசியுங்கள்: தனியே போதாதபோது மாத்திரம்தான் அந்த விடையைத் தெரிவுசெய்ய வேண்டும் என்று வழக்கமாகப் போட்டிருப்பார்கள். இந்த வினாவுக்கு நீங்கள் கோடிட வேண்டியது ‘(1) தனியேயும் போதும், (2) தனியேயும் போதும்’ என்பதற்கு.